நான் எடம் மாறி உக்காந்த ஆட்டங்கள்

அந்தா, மூணு வரிசைக்கு முன்னால, பச்சைச் சட்டை போட்டுட்டு வாயப் பொளந்துட்டுத் தூங்குது பாருங்க தம்பி, அதான் எம் மருமவ. தாரிணி. நேத்து சாயங்காலம் அத்தனை பேரு கை தட்ட ஜெயிச்சுட்டு வந்த புள்ள தூங்கற தூக்கத்தப் பாருங்க. போட்டோ புடிக்கறீங்களா? ஐயோ வேண்டாஞ்சாமி, எந்திரிச்சா என்னைத்தான் வைவா.

எனக்கு இந்த ஜன்னலோரம் கெடச்சுது, அவளுக்கு அங்க. கம்ப்யூட்டரு பிரிச்சுப் போட்டிருச்சாம். ஒவ்வொரு தடவையும் இப்படியே பிரிச்சுப் போடுதுங்க. வருசம் பூரா எத்தனை பிளேனு ஏறியிருப்போம், ஒரு தடவைகூட பக்கத்துப் பக்கத்துல குடுக்கல. அவ பாவம், 'நான் என்னத்தை பண்றது, கம்ப்யூட்டரு'ங்கறா.

நீங்க எந்த ஊருங்க? சூலூருங்களா! அட, நம்ம பக்கம். நாங்க உடுமலைப்பேட்டை தாண்டிப் போகோணும். எம் பேரு மயிலாத்தா. பையன் லோகு கோயம்புத்தூர்ல மோட்டார் பம்புப் பட்டறை வெச்சிருக்கறான். அவனுக்குக் கட்டிட்டு வந்த புள்ளதான் இது. செஸ்ஸு ஆடுவான்னு தெரிஞ்சுதான் கட்டினோம். ஆனா இப்படி ஆடுவான்னு தெரியாதுங்க. நான் என்னமோ பொங்கலுக்குப் பரமபதம் ஆடற மாதிரி ஆடுவாளாக்கும்னு இருந்துட்டன்.

நேத்து என்ன ஜெயிச்சம்னு கேளுங்க. சொல்றன். நம்ம பக்கம் ரேக்ளா ஓட்டுவாங்கள்ல, இந்த மாசம் ஒரு ஊரு, அடுத்த மாசம் ஒரு ஊரு, ஆனா எங்க போனாலும் அதே வண்டி, அதே மாடு? அந்த மாதிரிதானுங்க இதுவும். தை மாசம் தாஷ்கண்டுல ஆரம்பிச்சுது. அப்பறம் ஜார்ஜியா, அப்பறம் பிராகுன்னு ஒரு ஊரு, அப்பறம் துருக்கி, கடைசியா ஸ்பெயினு. எந்த ஊருக்குப் போனாலும் அதே பத்துப் பொம்பளைங்க. ஒவ்வொருத்தியும் உலகத்துலயே பெரிய கைகாரி. ஒவ்வொரு ஊர்லயும் வாங்குன புள்ளிய எல்லாம் வருசக் கடைசில கூட்டுவாங்க. மொத ரெண்டு எடத்துல வர்றவங்க உலகப் பட்டத்துக்குப் போட்டி போடப் போலாம். மூணாவது வந்தா? ஊட்டுக்கு வந்து தோசை சுடலாம். அவ்வளவுதான். மூணாவதுக்கும் பத்தாவதுக்கும் ஒரே மரியாதைதானுங்க.

நாம ரெண்டாவது! ரெண்டாவது தம்பி! மெதுவாப் பேசறேன், மெதுவாப் பேசறேன். அந்தம்மா திரும்பிப் பாக்குது.

'நாம'ன்னு ஏன் சொல்றேன்னா, அதுல எம் பங்கு கொஞ்சம் இருக்குதுங்க. பெருமைக்குச் சொல்லல. நடந்ததச் சொல்றன்.

லோகுவுக்குப் பட்டறைய உட்டுட்டு வர முடியல. தனியா ஒரு பொட்டப்புள்ளைய எப்படி அனுப்பறது? 'நான் சின்ன வயசுல இருந்து தனியாத்தான் போறன் அத்தை, பழக்கந்தான்'னா. 'அதெல்லாம் அப்ப, இப்ப மாமியா இருக்கறன்ல'ன்னு பாஸ்போர்ட்டு எடுத்துட்டேன். அவ நெம்பச் சொல்லிப் பாத்தா, குளிருமுங்கறா, சோறு கெடைக்காதுங்கறா. எல்லாம் எம்மேல இருக்கற அக்கறை. மனசுக்குள்ள ஆசையாத்தான் இருந்திருக்கும், வெளிய சொல்லத் தெரியாது அந்தப் புள்ளைக்கு.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். உங்க ஊட்டுல கிரிக்கெட்டு பாப்பீங்கதானுங்க? அப்ப உங்களுக்கு நான் வெளக்கவே வேண்டாம். வெள்ளைக்காரங்களுக்குத்தான் வெளக்க முடியல. ஒரு தடவை உலகக் கோப்பை ஆட்டம். எங்கூட்டுக்காரரு பல்லு வெளக்கிட்டே கதவோரம் வந்து எட்டிப் பாத்தாரு, நம்மாளு சிக்ஸரு அடிச்சான். விடுவமா? 'அங்கியே நில்லுங்க, அசையாதீங்க'ன்னுட்டோம். ஆட்டம் முடியற வரைக்கும் மனுசன் வாயில நொரையோட கதவோரமே நின்னாரு. ஜெயிச்சமா இல்லியா? ஜெயிச்சோம். நடுவுல ஒரே ஒரு தடவ வாய் கொப்புளிக்கப் போனாரு, பொசுக்குன்னு விக்கெட்டு போச்சு. ஓடி வந்து மறுபடி நொரைய ரொப்பிட்டு நின்னாரு. இதெல்லாம் நம்ம ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். எடத்துக்கு ஒரு ராசி இருக்குது.

தாஷ்கண்டுல மொத ஆட்டம் தாரிணி தோத்துட்டா. ரெண்டாவதும் சரியில்ல. பலகையப் பாத்து எனக்கு ஒண்ணும் வெளங்காதுங்க, அதுல எது குதிரை எது கழுதைன்னே தெரியாது. ஆனா அவ மூஞ்சி தெரியும். ஆட்டம் கெட்டுப்போச்சுன்னா அவளுக்குக் காது மடல் செவந்துரும். ஊட்டுல கொழம்புல உப்பு எச்சாப் போனாக்கூட அப்படித்தான் செவக்கும். நான் பலகைப் பக்கமே பாக்க மாட்டேன். காது மடலையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

அன்னைக்குக் காது பழமாட்டம் செவந்து கெடக்குது. அந்த மண்டபத்துல மூச்சு விட்டாக் கேக்கும், வாயத் தொறக்கப்படாது. சும்மா இருக்க முடியாம கண்ணாடியக் கழட்டி முந்தானைல தொடைச்சன். தொடைச்சு மாட்டறன், தாரிணி நிமிந்து என்னைப் பாத்தா, குனிஞ்சு ஒரு காய நவுத்தினா, எதிர்ல இருந்தவ தலைல கைய வெச்சுட்டா! அன்னைக்கு ஜெயிச்சா.

மறுநா காது செவந்ததும் கண்ணாடியத் தொடைச்சன். ஜெயிச்சா. இது எதேச்சையாங்க? நீங்களே சொல்லுங்க.

அப்பறம் ஒவ்வொண்ணாக் கண்டுபுடிச்சேன். கண்ணாடி தொடைச்சா எதிராளி தப்பு பண்ணுவா. தாலிக்கொடிய எடுத்துக் கண்ணுல ஒத்திட்டா தாரிணிக்குப் புதுசா ஒரு வழி தெரியும். முந்தானையத் தலைக்கு மேல போட்டா ஆட்டம் சமமா முடியும், ஆளுக்குப் பாதிப் புள்ளி. தோக்கறாப்புல இருந்தா மட்டும் அதச் செய்வேன். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்குது, எடது பக்கம் ஒரு நாற்காலி தள்ளி உக்கார்றது. அதை லேசுல எடுக்கப்படாது. ஜார்ஜியாவுல ஒரே ஒரு நாள் எடுத்தேன், அந்தச் சீனாக்காரி, நெம்பர் ஒண்ணு, தோத்துட்டன்னு எழுந்திரிச்சுக் கை குடுத்துட்டுப் போயிட்டா. பக்கத்து நாற்காலில ஒரு தாத்தா இருந்தாரு. சைகையாலயே 'எந்திரிங்க, எந்திரிங்க'ன்னு அவரைக் கெளப்பறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு.

தாரிணிகிட்ட சொல்லலீங்க. சொன்னா ராசி போயிரும். அவளுக்கு லேசாத் தெரிஞ்சிருக்கும்போல. ராத்திரி சாப்புடறப்ப, 'அத்தை, நீங்க அங்க கை காலை ஆட்டாம உக்காந்தீங்கன்னா உங்களுக்குக் கோடிப் புண்ணியம்'னா. எனக்குச் சிரமம் வேண்டாம்னு நெனைக்கறா பாருங்க. இன்னொரு நா, 'இந்த ஊர்ல பெரிய மியூசியம் இருக்குது, இன்னிக்கு நீங்க அதைப் பாத்துட்டு வாங்களேன்'னு டாக்ஸி புடிச்சு ஏத்தி உட்டா. போனேன். உள்ள பூரா தலையில்லாத செலைங்க. நமக்கு எதுக்குங்க? அதே டாக்ஸிலயே திரும்பி வந்து ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள உக்காந்துட்டேன். என்னைப் பாத்ததும் காது மடல் செவந்துச்சு. உடனே கண்ணாடியத் தொடைச்சேன்.

பிராகு ஊருல என்ன ஆச்சுன்னா, என்னைப் படம் புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஆமாங்க! நீனோன்னு ஒருத்தி இருக்கறா, ஜார்ஜியாக்காரி. நல்ல புள்ள, பாத்தாச் சிரிப்பா. நாமளும் அவளும்தான் ரெண்டாவது எடத்துக்கு வருசம் பூரா முட்டிக்கிட்டது. அவளுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கற ஆளு ஒருத்தன், மொட்டைத் தலை. அவன் அங்க இருக்கற பெரியவங்ககிட்டப் போயி என்னமோ சொன்னான், சொல்றப்ப என்னையக் காட்டிக் காட்டிச் சொன்னான். மறுநா எனக்கு நேரா ஒரு கேமரா. மேடையில ஆடறவங்களப் பாத்து ஒரு கேமரா, என்னையப் பாத்து ஒரு கேமரா! அடடா, இது தெரியாமப் போச்சேன்னு அடுத்த நா பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன்.

துருக்கிக்குப் போனதும் மரியாதை இன்னும் எச்சாயிருச்சு. உள்ள போறப்ப எல்லாரையும் ஒரு கம்பிய வெச்சுத் தடவிப் பாத்துத்தான் உடுவாங்க. எல்லாருக்கும் ஒரு தடவை, எனக்கு மட்டும் ரெண்டு தடவை. கண்ணாடியக் கழட்டித் தரச் சொல்லி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க, காம்பை மடக்கிப் பாத்தாங்க. 'உடுமலைல வாங்கினதுங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல'ன்னேன். எழுதிக்கிட்டாங்க.

அது போதாதுன்னு எனக்குன்னே ஒரு ஆளு. வில்லம்னு பேரு, ஹாலந்து நாடாம். பனைமரம் ஒசரம், கோட்டு, டை. நான் உக்காந்தா பக்கத்துல உக்காருவாரு, நான் பாத்ரூம் போனா கதவு வரைக்கும் வருவாரு, நான் எடது பக்கம் தள்ளி உக்காந்தா அவரும் தள்ளி உக்காருவாரு. கலெக்டரு பின்னால டவாலி போற மாதிரி. 'எதுக்கு அம்மணி இவ்வளவு மரியாதை'ன்னு தாரிணியக் கேட்டேன். 'வயசானவங்களுக்கு இங்க அப்படிப் பாத்துக்குவாங்க அத்தை'ன்னா. அன்னைக்கு ராத்திரி அவ சரியாச் சாப்புடல.

வில்லத்துக்கு நெலக்கடலை உருண்டை குடுத்தேன். வாங்கி, ரெண்டா ஒடச்சு, உள்ள எட்டிப் பாத்துட்டு, டப்பாவுல இருக்கற ஒவ்வொண்ணையும் ஒடச்சுப் பாத்துட்டு, திருப்பிக் குடுத்துட்டாரு. சம்பந்தி ஊட்டுக்காரங்கதான் இப்படி நொட்டை பாப்பாங்க. 'திங்கறதுனாத் தின்னு, இல்லைன்னா உடு'ன்னு தமிழ்லயே சொன்னேன். 'தேங்க்யூ'ன்னாரு.

இப்ப ஸ்பெயினு. கடைசி ஊரு. சீனாக்காரி மொத எடத்தைப் புடிச்சுட்டா, அவள ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவது எடத்துக்கு நாமளும் நீனோவும். கடைசி நா ஆட்டமே அவங்க ரெண்டு பேருக்குள்ளதான்! சமமா முடிஞ்சா நீனோ போயிருவா. ஜெயிச்சாத்தான் நாம. அதனால முந்தானையத் தலைக்கு மேல போடவே கூடாதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அதுக்கு முந்தின நா காலைல எங்க ரெண்டு பேரையும் ஒரு ரூமுக்குக் கூப்புட்டாங்க. நாலு பேரு உக்காந்திருக்கறாங்க. நடுவுல ஒரு வெள்ளத் தாடிக்காரரு, அவருதான் எல்லாத்துக்கும் பெரியவராம். வில்லம் ஓரமா நிக்கறாரு, நீனோவோட அந்த மொட்டைத் தலைக்காரனும் நிக்கறான். செவத்துல பெரிய டிவி. போட்டாங்க பாருங்க தம்பி, பூராவும் நான்! பாதி டிவில நான், பாதி டிவில செஸ்ஸுப் பலகை. நான் கண்ணாடி தொடைக்கறேன், பக்கத்துல ஒரு காயி நவுருது. நான் தாலிக்கொடிய ஒத்தறேன், ஒரு காயி நவுருது. மொட்டைத் தலைக்காரன் ஒரு குச்சிய வெச்சு என்னையும் பலகையையும் மாத்தி மாத்திக் காட்டறான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் கண்டுபுடிச்சத இவங்களும் கண்டுபுடிச்சுட்டாங்களேன்னு! எத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தது, வெள்ளைக்காரன் கண்ணுல தப்பல. 'ஆமாங்க, அதேதாங்க'ன்னு தலைய ஆட்டினேன். தாரிணி என் கைய இறுக்கிப் புடிச்சு, 'அத்தை, தலைய ஆட்டாதீங்க, சாமி'ன்னா.

அப்பறம் பூராவும் இங்கிலீசு. வெள்ளத் தாடிக்காரரு மெதுவாப் பேசுனாரு, கதவைக் காட்டினாரு, என்னையக் காட்டினாரு. தாரிணி எந்திரிச்சு நின்னா. அந்தப் புள்ள ஊட்டுல பேசறதே காதுல உழுகாதுங்க. அன்னைக்குக் கொரலு செவத்துல பட்டுத் திரும்புச்சு. கழுத்துல ஆட்டக்காரங்களுக்கு ஒரு அட்டை மாட்டி உட்டிருப்பாங்க, அதக் கழட்டி மேசை மேல வெச்சா. கழுத்து அரிச்சிருக்கும் பாவம், வேர்க்குரு சரீரம். நாலு பேரும் அந்த அட்டையையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் தொடல.

ரொம்ப நேரங்கழிச்சு வெள்ளத் தாடிக்காரரு எந்திரிச்சுப் போயி ஒரு செஸ்ஸுப் பலகைய எடுத்துட்டு வந்து எம் முன்னால வெச்சாரு. நான் தாரிணியப் பாத்தேன். அவ கண்ணத் தொடைச்சுட்டு, 'உங்ககூட ஒரு ஆட்டம் ஆடணும்னு ஆசைப்படறாங்க அத்தை'ன்னா. 'எனக்கு ஆடத் தெரியாதே அம்மணி.' 'தெரிஞ்ச மாதிரி ஆடுங்க. யோசிக்கவே வேண்டாம்.'

யாருக்குங்க தம்பி இந்த யோகம் வரும்? இருவது வருசத்துக்கு முன்னால அந்தத் தாடிக்காரரு பெரிய ஆட்டக்காரராம்.

எதையும் புள்ளையாரக் கும்புட்டுத்தான் ஆரம்பிக்கோணும். அதனால மொதல்ல ஆனைய எடுத்தேன். ஓரமா நிக்குது பாருங்க, அத. முன்னால சின்னச் சின்னச் சிப்பாயிங்க வழிய மறிச்சுட்டு நின்னுச்சு, தாண்டித் தூக்கி நட்டநடுவுல வெச்சேன். தாடிக்காரரு என்னையப் பாத்தாரு. நான் அவரப் பாத்துச் சிரிச்சேன். அவரு ஒண்ணு நவுத்துனாரு. அடுத்தது ரெண்டு சிப்பாய, சோடியாப் போகட்டும்னு ரெண்டு கையாலயும் நவுத்தினேன். என் சிப்பாயே ஒண்ணு என் ராணிக்குக் குறுக்க நின்னுச்சு, அத எடுத்துக் கீழ வெச்சுட்டேன். மொட்டைத் தலைக்காரன் வாயத் தொறந்தவன் மூடவே இல்ல.

அப்பறம் ஒரு சேதி ஞாபகம் வந்துச்சு. ராஜா போனா ஆட்டம் முடிஞ்சுதுன்னு லோகு சின்ன வயசுல சொல்லியிருக்கறான். அப்பறம் எதுக்கு மத்ததையெல்லாம் சுத்திச் சுத்தி வரோணும்? குதிரைய எடுத்தேன், நேராக் கொண்டு போயி அவரு ராஜாவத் தட்டி உட்டுட்டு அங்க வெச்சேன். 'முடிஞ்சுதுங்க'ன்னேன்.

தாடிக்காரரு சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வழிய வழியச் சிரிச்சாரு. நாலு பேரும் எந்திரிச்சு நின்னு எனக்குக் கை குடுத்தாங்க தம்பி! தாடிக்காரரு அந்த அட்டைய எடுத்துத் தாரிணி கழுத்துல அவரு கையாலயே மாட்டி உட்டாரு. மொட்டைத் தலைக்காரன்கூட எம் முன்னால குனிஞ்சு 'சாரி'ன்னான். அவங்க பெரியவரு தோத்ததுக்கு அவன் எதுக்கு வருத்தப்படறான்?

தாரிணிதான் ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிட்டு உக்காந்துட்டா. தோளெல்லாம் குலுங்குது. சந்தோசமா, இல்ல நான் ஒரே ஆட்டத்துல ஜெயிச்சுட்டேன்னு ரோசமான்னு தெரியல. 'உடு அம்மணி, ஏதோ குருட்டுல அமைஞ்சுது'ன்னு முதுகத் தட்டிக் குடுத்தேன். மாமியாளக் கட்டிப் புடிச்சுட்டு அழுதா. ரூமை உட்டு வெளிய வந்ததும் வில்லம் அவராவே கைய நீட்டி நெலக்கடலை உருண்டை கேட்டாரு. ஒடைக்காம முழுசா வாயில போட்டாரு.

கடைசி ஆட்டத்தைச் சொல்றன். அதுதானுங்க ஆட்டம்!

நீனோ ஆடுறா பாருங்க, எதையும் உட்டுக் குடுக்காம. மத்தவங்க எல்லாம் ஆட்டத்தை முடிச்சுட்டுப் போயிட்டாங்க, இவங்க ரெண்டு பேரும் மட்டும் மேடையில. நான் கண்ணாடிய நாலு தடவை தொடைச்சுட்டேன். தாலிக்கொடி கண்ணுல பட்டுப் பட்டு இமையெல்லாம் எரியுது. காது மடல் செவந்தது செவந்தபடியே இருக்குது. சரி, நாற்காலிய மாத்த வேண்டியதுதான்னு எந்திரிக்கப் போனேன்.

அந்த நேரம் பாத்து வில்லம் கால் மேல காலைப் போட்டாரு. போட்டதும் தாரிணியோட காது வெளுத்துச்சு! கண்ணால பாத்தேன் தம்பி, வெளுத்துச்சு. நீனோ நிமிந்து மேல வெளக்கப் பாத்தா. நான் வில்லத்தோட கோட்டுக் கையைப் புடிச்சு, அசையாதேன்னு சைகை காட்டினேன். மனுசனுக்குப் புரிஞ்சுருச்சு! நான் எந்திரிக்காம அப்படியே பாதி உக்காந்தும் உக்காராமலும், அவரு காலை எறக்காம. அவ்வளவு பெரிய ஆளுக்குக் காலு மரத்துப் போயி மூஞ்சி கோணுது. நடுவுல எறக்கப் பாத்தாரு, நான் மொறைச்சேன், வெச்சுக்கிட்டாரு. தாரிணி ஒவ்வொண்ணா நவுத்துறா. நவுத்துறா. நவுத்திட்டு எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பாத்தா. உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டுக் குனிஞ்சுட்டா. நீனோ கடிகாரத்தை நிறுத்திட்டுக் கைய நீட்டினா.

நான் கத்திட்டேன். அந்த மண்டபத்துல, மூச்சு விடாத எடத்துல, 'அடிச்சாச்சு அம்மணி!'ன்னு கத்திட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வில்லம் எந்திரிச்சாரு, மரத்த காலு மடங்கி அப்படியே என் மடியில உழுந்துட்டாரு!

இதுதான் நேத்து நடந்தது. சிரிக்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க.

ஊருக்குக் கெளம்பறப்ப ஹோட்டல் வாசல்ல வில்லம் வந்து நின்னாரு. அவரு போன்ல இங்கிலீசுல பேசுனா அது தமிழ்ல பேசுமாம். தாரிணி உள்ள சாவி குடுக்கப் போயிருந்தா. அவ வர்றதுக்குள்ள சொல்லோணும்னு அவசர அவசரமாப் போன்ல சொன்னாரு. அது ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி பேசுச்சுங்க. அப்படியே சொல்றேன், எனக்கு ஞாபகம் நல்லாவே இருக்கும்.

'அம்மா. அன்று அறையில் உங்கள் மருமகள் கூறியதை நீங்கள் அறிய வேண்டும். அவர் கூறினார்: இந்த அரங்கத்தில் எல்லோரும் பலகையைப் பார்க்கிறார்கள். இவர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்க்கிறார். அதற்காக இவரை வெளியே அனுப்பினால் நானும் வெளியேறுகிறேன். கடைசி ஆட்டத்தை ஆட மாட்டேன். இந்த ஆண்டு முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.'

அவ்வளவுதான். சொல்லிட்டு என் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டாரு. அந்த மிசினுக்குத் தமிழ் சரியா வரலைன்னு நெனைக்கறேன். வெளிய அனுப்பறதாவது? யாரை யாரு அனுப்பினாங்க? எனக்குத்தான் ஆளு போட்டு அவ்வளவு மரியாதை பண்ணுனாங்களே. இவ எதுக்கு ஆட மாட்டேங்கறா?

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?

சொல்லுங்க, பரவால்ல.

என்னது?

நானு? நான் தாரிணிக்கு... கண்ணாடியத் தொடைச்சு... ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்தன்னா? நானா? குதிரை எப்படிப் போகும்னு தெரியாத நானா? அடக் கெரகமே! அப்ப அந்தக் கேமரா? அந்தக் கம்பி? நெலக்கடலை உருண்டைய ஒடச்சு ஒடச்சுப் பாத்தானே, அதுக்குள்ள என்ன இருக்கும்னு நெனைச்சான்? என்னையத் திருடின்னா நெனைச்சாங்க இத்தனை நாளும்? அதுக்கு நான் பட்டுச்சேலை வேற கட்டிட்டுப் போனேனே!

இருங்க. அப்ப அந்தத் தாடிக்காரர நான் ஜெயிச்சது?

...அதுவுமா.

சரி. அது போகட்டும் உடுங்க. அது போனாப் போகுது.

ஆனா தம்பி, அந்த அட்டைய அவ கழட்டி வெச்சது... கழுத்து அரிச்சு இல்லீங்களா? நெசமாத்தான் கழட்டி வெச்சாளா? தை மாசத்துல இருந்து ஓடுன ஓட்டம். சோறு தண்ணியில்லாம பலகைய வெச்சுட்டு உக்காந்த புள்ள. மறுநா ஆட்டம், ஜெயிச்சா உலகப் பட்டத்துக்கு ஆடப் போலாம். அத்தனையும் வேண்டாம்னு, எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாதுன்னா? துருக்கில இருந்து எல்லாந் தெரிஞ்சுட்டு, எங்கிட்ட வாயே தொறக்காம, வயசானவங்கள இங்க அப்படிப் பாத்துக்குவாங்கன்னு பொய்யா சொன்னா?

கிறுக்கி. கிறுக்கிங்க தம்பி அவ. 'கம்முனு ரூம்ல உக்காருங்க அத்தை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உக்காந்திருப்பேன்ல? தலையில்லாத செலையப் பாத்துட்டுப் பொழுதக் கழிச்சிருப்பேன்ல? எம் பொறந்த ஊட்டுலகூட எனக்காக எவனும் ஒரு வேளைச் சோத்தை உட்டுக் குடுத்ததில்லீங்க.

இல்லீங்க, நான் அழுகல. தண்ணி வேண்டாம்.

பெல்ட்டை இப்படிக் கழட்டறதுங்களா? பெல்ட்டு வெளக்கு எரிஞ்சா எரியட்டும், அந்த ஏர்ஹோஸ்டஸ் புள்ளைக்கு நான் பதில் சொல்லிக்கறேன். சித்தே காலை மடக்குங்க தம்பி, வழி உடுங்க. அவள எழுப்பி நல்லா நாலு வார்த்தை வைஞ்சுட்டு வந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.